தி வயர்: இரண்டாவது சீசனைத் தாண்டிவிடலாமா?

ஈசூன்வாசி:

வேலையிடத்தில் ஒரு நண்பனின் தொல்லை தாங்காமல், பால்டிமோர் நகரத்துப் போலீஸையும் போதைப்பொருள் கும்பலையும் பற்றிய அமெரிக்கத் தொடர் 'தி வயர்' பார்க்க ஆரம்பித்தேன். முதல் மூன்று பகுதிகளில் யார் போலீஸ், யார் கும்பல், யார் யாருக்கு மாமன் மச்சான் என்றே பிடிபடவில்லை. சப்டைட்டில் போட்டும் பாதி வசனம் தலைக்கு மேல் போனது. நான்காவது பகுதியில் துப்பறிவாளர்கள் மெக்நல்டியும் பங்க்கும் ஒரு காலி வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு, ஒரே ஒரு கெட்ட வார்த்தையை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியே துப்பாக்கிக் குண்டு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பார்களே, அங்கே விழுந்தவன்தான். அந்த நேரம் பார்த்து அம்மா வரவேற்பறைக்கு வந்து "என்னடா இது, இங்கிலீஷா?" என்றது தனிக்கதை.

முதல் சீசன் 13 பகுதியும் இரண்டு வாரத்தில் முடிந்தது. கும்பலில் இருந்த சின்னப் பையன் வாலஸுக்கு நடந்ததைப் பார்த்துவிட்டு அன்று இரவு தூங்கவில்லை. சரி, அடுத்தது என்ன என்று ஆவலாக இரண்டாவது சீசனைப் போட்டால், திடீரென்று துறைமுகம்! அந்த அடுக்குமாடிகளும் இல்லை, முற்றத்தில் போட்ட ஆரஞ்சு சோபாவும் இல்லை. தொப்பி போட்ட வெள்ளைக்காரத் தொழிலாளிகள் மதுக்கடையில் உட்கார்ந்து வேலை இல்லை, வேலை இல்லை என்று புலம்புகிறார்கள். தேவாலயத்துக்குக் கண்ணாடி ஓவியம் யார் கொடுப்பது என்று ஒரு சண்டை வேறு. எங்கப்பா முப்பது வருடம் டிரெய்லர் ஓட்டியவர். கண்டெய்னர் கதை வீட்டில் கேட்டது போதாதா?

நேராக மூன்றாவதுக்குப் போய்விடலாமா? கதை விட்டுப்போகுமா? பார்த்தவர்கள் சொல்லுங்கள். தயவுசெய்து யார் சாகிறார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மாத்தா_முன்னாள்:

தாராளமாகத் தாண்டு தம்பி. நானும் அப்படித்தான் செய்தேன். மூன்றாவதைப் பார்த்துவிட்டு வேண்டுமானால் திரும்பி வா.

நான் சிங்கப்பூரில் தேசிய சேவையைப் போலீஸில் செய்தவன், மாத்தா என்றால் போலீஸ்தானே. எனக்கு முதல் சீசன்தான் சீசன். மற்ற போலீஸ் தொடர்களில் கணினித் திரையில் ஒரு வரைபடம் மினுங்கும், அடுத்த நிமிடம் கதவை உடைப்பார்கள். இதில் ஒட்டுக்கேட்க நீதிபதியிடம் அனுமதி வாங்கவே பல பகுதிகள் ஓடுகின்றன. மற்ற வழியெல்லாம் முயன்று பார்த்தோம், நடக்கவில்லை என்று எழுத்தில் காட்ட வேண்டும். அனுமதி கிடைத்த பிறகும் பொதுத் தொலைபேசியை நினைத்தபோதெல்லாம் கேட்டுவிட முடியாது. கூரை மேல் ஒருத்தன் உட்கார்ந்து, போனை எடுத்தது நாம் தேடுகிற ஆள்தான் என்று கண்ணால் பார்த்துச் சொன்னால்தான் இங்கே காதில் மாட்டலாம். வேலை என்றால் அதுதான். வெயில், சலிப்பு, காகிதம்.

கும்பல் பேஜரில் தொலைபேசி எண்ணை மாற்றி அனுப்பும் ரகசியம் நினைவிருக்கிறதா? பொத்தான்களில் நடுவில் இருக்கும் 5-ஐத் தாண்டிக் குதித்தால் போதும். 1 என்று வந்தால் 9, 2 என்றால் 8, 3 என்றால் 7. 5-உம் 0-உம் இடம் மாறிக்கொள்ளும். பள்ளிக்கூடம் போகாத பையன்களும் அவசரத்தில் போட வேண்டுமே, அதனால் அவ்வளவு எளிமை. அதை உடைக்கிறவன் துப்பாக்கி பிடிக்கவே லாயக்கில்லை என்று எல்லாரும் ஒதுக்கிய போலீஸ்காரன் பிரெஸ். நான் பார்த்ததிலேயே நல்ல துப்பறியும் காட்சி அதுதான்.

இரண்டாவது சீசனில் அந்த மாதிரி எதுவும் கிடையாது.

கிரேன்_மேல்_காகம்:

தம்பி மாத்தா, நீங்கள் தாண்டிப் போனதால்தான் இப்படிச் சொல்கிறீர்கள். அந்தத் துறைமுகக் கணினிப் பதிவைத் தங்கள் திரையில் கொண்டுவந்து, கப்பலிலிருந்து இறங்கிய பெட்டி பட்டியலிலிருந்து எப்படி மறைகிறது என்று துப்பறிவாளர் லெஸ்டரும் அதே பிரெஸும் உட்கார்ந்து பார்ப்பார்களே, அது என்னவாம்?

நான் 1994-இல் துறைமுகத்துக்குள் போனவன். முதலில் லேஷிங் (கப்பலில் பெட்டிகளை இறுக்கிக் கட்டுவது), அப்புறம் பிரைம் மூவர் (பெட்டி இழுக்கும் வண்டி), கடைசிப் பதினாறு வருடம் கரையில் நிற்கும் பெரிய கிரேன். கிரேன் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பதினைந்து மாடி உயரத்தில் ஒரு சின்ன அறை, காலுக்குக் கீழே கண்ணாடி. இரண்டு முழங்காலுக்கு நடுவில் குனிந்து பார்த்துக்கொண்டே பெட்டியைத் தூக்க வேண்டும். எட்டு மணி நேரம் கழித்து இறங்கினால் கழுத்து நிமிர மறுக்கும். இன்றும் எனக்குக் கோப்பிக்கடையில் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேசுவது சிரமம்தான், மரியாதைக் குறைவு என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

லேஷிங் அதைவிட மோசம். ஆளைவிட நீளமான இரும்புக் கம்பியைத் தலைக்கு மேல் தூக்கி, பெட்டி மூலையில் இருக்கும் ஓட்டையில் சரியாகச் செருக வேண்டும். மழை பெய்தால் தளம் வழுக்கும். என்னோடு சேர்ந்த ஒரு கூட்டாளிக்கு முதல் வருடமே விரல் போனது. துணைக் குத்தகைக்காரன் விபத்து அறிக்கையில் கையுறை போடவில்லை என்று எழுதினான். போட்டிருந்தான். கையுறைக்குள்தான் விரல் இருந்தது.

இப்போது சொல்கிறேன் இரண்டாவது சீசனை ஏன் தாண்டக் கூடாது என்று. ஃபிராங்க் சபோட்கா துறைமுகத் தொழிலாளர் சங்கத்தை நடத்துகிற பொருளாளர். அவருக்கு வேண்டியது இரண்டே இரண்டு. கால்வாயை ஆழப்படுத்தித் தூர்வார வேண்டும், மூடிக்கிடக்கும் தானியத் துறையைத் திறக்க வேண்டும். அதற்கு அரசியல்வாதிகளைப் பார்க்கப் பணம் வேண்டும். சங்கத்தில் பணம் இல்லை, ஆகவே சில பெட்டிகளை 'காணாமல்' போக விடுகிறார். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. ஒருநாள் ஒரு பெட்டிக்குள் மூச்சு முட்டி இறந்த 13 பெண்கள். தண்ணீரில் மிதந்த ஒருத்தியையும் சேர்த்தால் 14. கதை அங்கிருந்துதான் நகர்கிறது, கண்ணாடி ஓவியச் சண்டை ஒரு சாக்கு.

அதில் ஒரு காட்சி. ராட்டர்டாம் துறைமுகத்தில் ஆளே இல்லாமல் பெட்டிகள் நகர்கிற வீடியோவை ஓர் அறையில் போட்டுக் காட்டுவார்கள். கோட்டுப் போட்டவர்கள் எல்லாம் தலையாட்டுவார்கள். ஃபிராங்க் மட்டும் பேய்ப்படம் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருப்பார். எங்களையும் ஒருநாள் குளிரூட்டிய அறையில் உட்கார வைத்துப் புதிய துவாஸ் துறைமுக வீடியோவைக் காட்டினார்கள். ஓட்டுநர் இல்லாத வண்டிகள், ஆள் இல்லாத யார்டு கிரேன். பக்கத்தில் இருந்த மலாய் நண்பன் என் காதில், "நம்ம நிழல் எங்கடா?" என்றான். நியாயமாகச் சொல்ல வேண்டும், இங்கே யாரையும் நடுத்தெருவில் விடவில்லை. பயிற்சி கொடுத்தார்கள், ஒரே ஆள் அறைக்குள் உட்கார்ந்து பல கிரேன்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். பல கிரேன், ஒரே ஆள். மற்றவர்கள் எங்கே என்று கணக்குப் போட நான் ஒன்றும் தொடரில் வரும் கும்பல்காரன் ஸ்ட்ரிங்கர் பெல் போலப் பொருளாதார வகுப்புக்குப் போயிருக்க வேண்டியதில்லை.

பூன்லே_புலி:

காகம் அண்ணே, இதைத் தனியாகவே எழுதலாம் நீங்கள்.

ஒரு சந்தேகம். இந்த மாதிரி ஒரு தொடரை ஏன் நம்மால் எடுக்க முடியவில்லை? வசந்தம் ஒளிவழியில் 'வேட்டை' போலீஸ் தொடர் வந்தபோது நானும் விடாமல் பார்த்தேன். ஆனால் அதில் போலீஸ் அலுவலகம் நம் வீட்டைவிடச் சுத்தமாக இருக்கும்.

மாத்தா_முன்னாள்:

எடுத்தால் இரண்டே பகுதியில் முடிந்துவிடும் புலி. இங்கே 1955-இல் வந்த குற்றவியல் தற்காலிக விதிகள் சட்டம் இருக்கிறது. இரகசியக் கும்பல்காரன் என்று தெரிந்தால் வழக்கு விசாரணை இல்லாமலே உள்ளே வைக்கலாம். பேர்தான் தற்காலிகம். நீதிபதியிடம் அனுமதிக்கு நடையாய் நடப்பது, சாட்சி பயந்து பின்வாங்குவது, இதெல்லாம் இல்லாமல் 'தி வயர்' ஏது? போதைப்பொருள் கதையும் அப்படித்தான். டயமார்ஃபின் 15 கிராமுக்கு மேல் கடத்தினால் தூக்கு. சோபாவைப் போட்டு முற்றத்தில் உட்கார்ந்து விற்க இங்கே எவனுக்கும் தைரியம் வராது.

பூன்லே_புலி:

சரி, போதைப்பொருளை விடுங்கள். கந்துவட்டி ஆலோங்?

மாத்தா_முன்னாள்:

அது வேறு.

(ஐந்து நிமிடம் கழித்து) சரி, அது வேறு இல்லை. யோசித்தால் அதேதான்.

சேவையில் இருந்தபோது எங்களுக்கு வரும் 999 அழைப்பில் பாதி பக்கத்து வீட்டுச் சத்தம், கணவன் மனைவி சண்டை. அதற்கு அடுத்தது ஆலோங் பெயிண்ட். விடிகாலை நான்கு மணிக்குப் போனால் கதவெல்லாம் சிவப்பு, படிக்கட்டுச் சுவரில் ஓ டாலர் பி டாலர் (கடனைக் கட்டு என்று அர்த்தம்), அதற்குக் கீழே வீட்டு எண். பலமுறை எண்ணே தப்பாக இருக்கும். கடனே வாங்காத கிழவி கதவைத் திறந்து நின்று அழுவாள்.

ஊற்றியவனைப் பிடித்துவிடலாம். 2012-இலிருந்து வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்குகளில் போலீஸ் கேமரா வைத்துவிட்டார்களே. பிடித்தால் பத்தொன்பது வயதுப் பையன். அவனே கடன் வாங்கியவன், கட்ட முடியாமல் இந்த வேலைக்கு வந்தவன். அவனை அனுப்பியவன் யார் என்று கேட்டால் ஒரு போன் எண், ஒரு புனைபெயர், அவ்வளவுதான். பெரியவன் எங்கேயோ இருக்கிறான். முதல் சீசனில் டிஏஞ்சலோ கும்பல் பையன்களுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுக்கும்போது 'போடி' என்பவன் கேட்பானே, சிப்பாய் கடைசிக் கட்டம் வரை போய்விட்டால் என்ன ஆகும் என்று, அந்த முகம்தான் இந்தப் பையன்களுக்கும்.

ஆனாலும் நமக்குக் கணக்கு ஒன்று ஏறும். ஒரு வழக்கு, ஒரு கைது. தொடரில் வரும் கொலை வழக்குப் பலகையில் சிவப்பு மையில் இருந்த பெயர் கறுப்பாக மாறியதுபோல.

சாக்பீஸ்:

தம்பி சொன்ன அந்தப் பலகையைத்தான் நானும் சொல்ல வந்தேன். இவ்வளவு பேர் போலீஸ், துறைமுகம் என்று பேசுகிறீர்கள். நான்காவது சீசனைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே.

நான் தொடக்கப்பள்ளியில் 31 வருடம் பாடம் நடத்தியவள். தொடரை உருவாக்கிய டேவிட் சைமன் பால்டிமோர் சன் நாளிதழில் போலீஸ் செய்தி எழுதியவர் என்று எல்லாருக்கும் தெரியும். கூட எழுதிய எட் பர்ன்ஸைத்தான் மறந்துவிடுகிறோம். 20 வருடம் போலீஸில் இருந்துவிட்டு அதே ஊரில் பள்ளி ஆசிரியராகப் போனவர். அதனால்தான் அந்த வகுப்பறை அப்படி வந்திருக்கிறது. புதிதாக வந்த ஆசிரியர் பிரெஸ் முதல் நாள் நிற்கும் நிலை இருக்கிறதே, அது நடித்து வருவது இல்லை.

ஈசூன்வாசி:

டீச்சர்! பிரெஸ் ஆசிரியர் ஆகிறாரா?? நான் இன்னும் இரண்டாவது சீசனில்தான் நிற்கிறேன்!

சாக்பீஸ்:

ஐயோ, மன்னித்துவிடப்பா. வயதாகிவிட்டது. இது சொன்னதாக நினைக்காதே.

ஆனால் பாதியில் விட முடியவில்லை. அவர் பகடைக்காயை வைத்து நிகழ்தகவு சொல்லிக்கொடுப்பார். அந்தப் பையன்கள் தெருவில் சூதாடுகிறவர்கள், கணக்கு உடனே பிடிபடும். பிறகு மேலிடத்திலிருந்து உத்தரவு வரும், இனிமேல் தேர்வுக்கு வருகிற கேள்வி மட்டும் போதும் என்று. அவருக்கு உடனே தன் பழைய வேலை நினைவு வரும். அங்கே குற்ற எண்ணிக்கை, இங்கே மதிப்பெண். ஆள்தான் மாறவில்லை, எண்ணை அழகாக்குகிற வேலையும் மாறவில்லை.

படிப்பில் பின்தங்கியவர்களுக்கு இஎம்3 என்று ஒரு பிரிவு இருந்தது, இளையவர்களுக்குத் தெரியாது. நான்காம் வகுப்பு முடிவில் பிரிப்பார்கள். நான் அந்த வகுப்பைப் பல வருடம் எடுத்தேன். 2008-இல்தான் அது போனது. உயர்நிலைப்பள்ளியில் எக்ஸ்பிரஸ், நார்மல் என்று பிரிப்பது 2024-இல்தான் போனது. பத்து வயதுப் பிள்ளை ஒருத்தன், நல்ல கை, மிதிவண்டி, மின்விசிறி எதுவானாலும் கழற்றி மாட்டுவான். ஒருநாள் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே, "டீச்சர், நாங்க மூணாவது கூட்டம்தானே?" என்று சாதாரணமாகக் கேட்டான். அன்றைக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. ஏதோ சொல்லியிருப்பேன்.

பூன்லே_புலி:

டீச்சர், அந்தப் பையன் நானாக இருக்குமோ? மிதிவண்டி கழற்றுவேன். மாட்டத்தான் வராது.

கிரேன்_மேல்_காகம்:

புலி, டீச்சரை விடு.

ஈசூன்வாசி தம்பி, நீங்கள் படிக்கக் கூடாத ஒன்றை எழுதப்போகிறேன், இந்தப் பதிவைத் தாண்டிவிடுங்கள். சீசனை அல்ல, பதிவை.

2024 மார்ச் 26. விடிகாலை ஒன்றரை மணிக்குப் பால்டிமோரில் ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தின் தூணில் ஒரு கண்டெய்னர் கப்பல் மோதியது. 1977-இல் திறந்த பாலம், சீட்டுக்கட்டு மாதிரிச் சரிந்தது. கப்பலின் பெயர் 'டாலி'. சிங்கப்பூர்க் கொடி பறந்த கப்பல், கொழும்புக்குப் புறப்பட்டது. மாலுமிகள் 21 பேரில் 20 பேர் இந்தியர், ஒருவர் இலங்கையர். அன்று மாலை எங்கள் பழைய கூட்டாளிகள் வாட்ஸ்அப் குழுவில் அந்த வீடியோ எத்தனை முறை வந்தது என்று எண்ண முடியாது. எல்லாரும் கப்பலைப் பார்த்தார்கள், விளக்கு அணைகிறது, எரிகிறது, மறுபடி அணைகிறது என்றார்கள். எனக்கு ஃபிராங்க் சபோட்கா நினைவு. அந்தச் சீசனில் அவர் கடைசியாகத் தனியே நடந்து போவது அந்தப் பாலத்தடிக்குத்தான்.

கப்பலிலிருந்து அபாயக் குரல் வந்ததும் போலீஸ் இருபக்கமும் வண்டிகளை நிறுத்திவிட்டது. அதனால் எத்தனையோ உயிர் தப்பியது. பாலத்தின் மேல் சாலைக் குழியை அடைத்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சொல்லத்தான் நேரம் இல்லை. ஆறு பேர் போனார்கள். மெக்சிகோ, மத்திய அமெரிக்கா என்று வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள். நம் பிஐஇ விரைவுச்சாலையில் நடுராத்திரிக்கு மேல் தார் போடுகிறவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று சொல்ல வேண்டுமா? அறந்தாங்கி, பட்டுக்கோட்டை என்பார்கள், கேட்டுப் பாருங்கள். மாலுமிகள் பாவம், ஊர் திரும்ப முடியாமல் மாதக்கணக்கில் அந்தக் கப்பலிலேயே கிடந்தார்கள்.

தொடர் முடிந்தது 2008-இல். அதற்குப் பிறகும் அந்த ஊர் அதே கதையை எழுதிக்கொண்டுதான் இருக்கிறது, தொடருக்குத்தான் எம்மி விருது ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. எழுத்துக்காக இரண்டு முறை பரிந்துரைத்ததோடு சரி.

மாத்தா_முன்னாள்:

அண்ணே, படித்துவிட்டு இரண்டாவது சீசனை முதல் பகுதியிலிருந்து போட்டுவிட்டேன். தாண்டச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். மெக்நல்டி நீரோட்ட அட்டவணையை வைத்துக் கணக்குப் போட்டுப் பிணத்தைத் தன் பழைய மேலதிகாரி தலையிலேயே கட்டுவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். வழக்கைத் தன் எல்லைக்கு வெளியே தள்ளிவிடுவது எல்லா ஊர் மாத்தாவுக்கும் பொது.

ஈசூன்வாசி:

பத்து நாள் கழித்து வருகிறேன். சீசன் முடியவில்லை, எட்டாவது பகுதியில் இருக்கிறேன். காகம் அண்ணன் கடைசிப் பதிவை இன்னும் படிக்கவில்லை, சத்தியமாக.

வேகமாகப் பார்க்க முடியாததற்குக் காரணம் அப்பா. மூன்றாவது பகுதி ஓடும்போது மருந்து எடுக்க வரவேற்பறைக்கு வந்தவர், நின்றார், அப்புறம் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். ஆங்கிலம் அவருக்குப் பாதிதான் புரியும். ஆனால் பெட்டி ஒன்று காகிதமே இல்லாமல் வெளியேறும் காட்சியில், "கேட்ல சீல் நம்பர் பார்க்காம விடுவானா? அந்த செக்கர் கையிலதான் விஷயமிருக்கு" என்று முன்பே சொல்லிவிட்டார். போலீஸுக்கு அது தெரிய இன்னும் எத்தனையோ பகுதி ஆயிற்று. இப்போது அவர் இல்லாமல் பார்க்கக் கூடாதாம். இரவு ஒன்பதரைக்குச் செய்தி முடிந்ததும் ரிமோட்டைக் கையில் கொடுக்கிறார். மதுக்கடைக் காட்சி வந்தால் மட்டும் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறார்.

ஃபிராங்கின் மகன் ஜிக்கியைக் கண்டாலே அவருக்கு ஆகவில்லை. ஃபிராங்க் பேசும்போது மட்டும் வாயே திறப்பதில்லை. நேற்று படுக்கப்போகும் முன் கேட்டார், "அந்தத் தானியத் துறையை அப்புறம் திறந்துட்டானுங்களா?"

எனக்கே தெரியாது. தஞ்சோங் பகாரில் கிரேன்களை எடுத்துவிட்டு, கடலோரமாக வீடு கட்டப் போகிறார்கள் என்று செய்தியில் வந்தபோதும் அவர் இதே குரலில்தான் ஏதோ கேட்டார். தானியத் துறை என்ன ஆகிறது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள். பக்குவமாக எடுத்துச் சொல்லிக்கொள்கிறேன்.

கிரேன்_மேல்_காகம்:

சொல்லாதீர்கள் தம்பி. அவரே பார்க்கட்டும்.

அப்பா எந்த வருடம் வரை ஓட்டினார்? கேப்பல் கேட் பக்கம் வந்து போனவரா? பச்சை நிற டிரெய்லர், கண்ணாடியில் எலுமிச்சம்பழம் தொங்கும் ஒருவரை எனக்கு மேலிருந்து பார்த்த ஞாபகம். முகம் தெரியாது. எலுமிச்சம்பழம் தெரியும்.